கீழ்க்கணக்கு

டிக்கோயா ஆஸ்பத்திரி. பொழுது சாய்கையில்
கொழுந்து லொறியிலிருந்து இறக்கினார்கள் புனிதமலரை.
முழங்கால்வரை சேறு, கெண்டைக்காலில் ஓர் அட்டை,
இடுப்பில் அவிழ்க்காத படங்கு.

"கொஹெத ரிதென்னே?"
டாக்டர் வீரக்கொடி கேட்டதை நான் தமிழாக்கினேன்.
"நேத்து இங்கன" என்று
தொப்புளைச் சுற்றி உள்ளங்கையைச் சுழற்றினாள்,
சோறு பிசைவதுபோல.
"இன்னைக்கு?"
ஒரு விரல். வலது பக்கம், கீழே.
அவ்வளவு துல்லியம்.

வாசலில் அனுமதிச் சீட்டு எழுதுகிறவர்
விலாசம் கேட்டுக்கொண்டிருந்தார் புருசனிடம்.
கிளென்மேரி தோட்டம், கீழ்க்கணக்கு, அஞ்சாம் லயம்.
காம்பரா நம்பர்?
கடைசிக்கு முந்தினதுங்க.
கடுதாசி எப்படி வரும்?
ஆபீசுக்கு வரும். அங்கருந்து
எப்பவாச்சும் எங்களுக்கு.

ஒரே சவ்வுதான் இரண்டும்.
சுற்றுவிரி என்று எழுதிப் படித்தேன் தாதிமார் கல்லூரியில்.
வயிற்றுச் சுவரின் உட்புறம்
சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்து,
முதுகுப் பக்கம் மடிந்து திரும்பி
ஈரல், இரைப்பை, குடல் என்று
அகப்பட்டதையெல்லாம் போர்த்திக்கொள்ளும்.
இரண்டுக்கும் நடுவே சில கரண்டி ஈரம்,
உரசாமல் வழுக்க.
பிரித்து விரித்தால் அவளுடைய தோல் அளவுக்கு வரும்.

குடலைப் போர்த்திய பக்கத்துக்குக் கத்தி தெரியாது.
சுட்டாலும் தெரியாது.
உப்பினால், இழுபட்டால் மட்டும் முனகும்.
எங்கே என்று கேட்டால்
தொப்புள் என்றுதான் சொல்லும்;
அதன் கடுதாசியெல்லாம் ஒரே ஆபீசுக்குத்தான்.
சுவர்ப் பக்கத்துக்கோ
அங்குலத்துக்கு அங்குலம் வீட்டு நம்பர் உண்டு.
தீ சுவரைத் தொட்ட பிறகுதான்
விரல் நீட்ட முடிகிறது ஒருத்திக்கு.

டாக்டர் மெல்ல அழுத்தினார். பல்லைக் கடித்தாள்.
சட்டென்று கையை எடுத்தார்.
அப்போதுதான் கத்தினாள்.

ஏன் நேற்றே வரவில்லை என்று கேள்.
கேட்டேன்.
"பாதியில வந்தா அரைப்பேருதான போடுவாங்க."
அரைப்பேருக்குச் சிங்களத்தில் என்ன சொல்ல?
வேலை இருந்ததாம் என்றேன்.
அவர் தலையை ஆட்டினார்.
இன்னும் அது எனக்குச் செமிக்கவில்லை.

பச்சைத் துணிக்கு நடுவே ஒரு ஜன்னல்.
தோல், கொழுப்பு, வெட்டாமல் இழைவாக்கில் விலக்கிய தசை.
பிறகு அந்தச் சவ்வு, நனைந்த எண்ணெய்த்தாள் மினுக்கத்தோடு.
இடுக்கியால் கூடாரம்போல் தூக்கிச் சிறு கீறல்.
நாற்றம் வந்தது.
இருபதடிச் சிறுகுடல்
ஒரு சாண் வேரிலிருந்து விசிறியாய்த் தொங்குகிறது,
றம்பொடைப் பாதையை யாரோ வழித்தெடுத்து
ஒரு கூடைக்குள் சுருட்டி வைத்ததுபோல.
அதை ஓரமாக ஒதுக்கினார்.

அங்கே இருந்தது வபை.
இரைப்பையின் விளிம்பிலிருந்து முன்னால் தொங்கும்
மஞ்சள் கொழுப்புத் திரை.
தன் இடத்தை விட்டு
வலது கீழ்மூலைக்கு வந்து
வெடித்த குடல்வாலைச் சுற்றி ஒட்டிக் கிடந்தது.
சீழ் முழுதையும் மடியில் கட்டிப் பிடித்திருந்தது.
படங்கு, என்றேன் வாய்க்குள்.
டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்கவில்லை.

பஞ்சுத்துணிகளை எண்ணினேன்.
வாய் சிங்களத்தில், மனசு தமிழில்.
இருபத்திரண்டு. இருபத்திரண்டு.
கணக்குச் சரி.

இரண்டாம் நாள் கேட்டாள்,
உள்ளுக்க என்னதான் இருந்துச்சு என்று.
குடல்வால் என் சுண்டுவிரல் நீளம் என்றேன்.
வபை நகர்ந்து வந்ததைச் சொன்னேன்,
யாரும் அனுப்பாமல், பிரட்டுக்குக் கூப்பிடாமல்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ராவும் பகலும் நின்னுருக்கு.
அதுக்கு முழுப்பேரு போடணுமே, மிஸ்ஸி."

சிரித்ததில் தையல் இழுத்தது.
கை சரியாக அந்த இடத்துக்கே போனது.